மூன்றாம் நாட்டின் வழியாக

"இல்ல பெரியப்பா, கொசோவோவுக்கு மட்டும்தான் காசு கட்டியிருக்கு. அல்பேனியாவுக்குள்ள போகணும்னா அதுக்குத் தனியா கட்டணும்னு சொல்றான்."

என் சித்தப்பா மகன் ஜெவ்தெத் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான். மறுமுனையில் வாடகைக் கார் கம்பெனிக்காரன் காத்திருந்தான்.

"எவ்வளவாம்?"

"எண்பது யூரோ. கட்டாம எல்லை தாண்டினா ஐநூறு அபராதம். வண்டி எங்க நிக்குதுன்னு அவனுக்கு அங்கேர்ந்தே தெரியுமாம்."

அப்படியானால் அவனையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கலாம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்றார் பெரியப்பா. பின்னால் நின்ற எங்கள் இரண்டு கார்களிலும் சிரிப்பு எழுந்தது.

கொசோவோவில், ஜாகோவா ஊரைத் தாண்டிய ஒரு பெட்ரோல் பங்க். அதன் முன்னால்தான் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காலையில் நாங்கள் இறங்கி வந்த கணவாய்க்கு. மற்றது அல்பேனிய எல்லைக்கு.

நான் ஜெவ்தெத்தின் வாடகைக் காரில் பின் சீட்டில், மணப்பெண் வியோசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அக்காவுக்கு உரிய இடம் அது. மாப்பிள்ளையான என் தம்பி நயிம் வழக்கப்படி எங்கள் ஊரான குசியில், வீட்டில் காத்திருந்தான். பெண்ணை அழைத்து வருவது மற்றவர்கள் வேலை.

வியோசாவின் முகத்தைச் சிவப்புத் திரை மூடியிருந்தது. தாய் வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. அவள் அம்மா கொடுத்தனுப்பிய பக்லாவா இனிப்புத் தட்டு என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது.

போன வழியே பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திரும்பினால் அவள் அதே வழியாகப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். இப்போதெல்லாம் யாரும் இதற்காகச் சிரமப்படுவதில்லை. ஊருக்குள் ஒரு தெருவை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை. எங்கள் மொன்டெனேக்ரோவையும் கொசோவோவையும் சேர்ப்பது அந்த ஒரு கணவாய்தான். அதை விட்டால் மூன்றாவது நாடான அல்பேனியா வழியாகச் சுற்றித்தான் ஊருக்குப் போக முடியும். சுற்றுவோம் என்றார்.

காரணம் இருந்தது. நயிமுக்கு முதலில் கட்டிவைத்த பெண்ணை இதே கணவாய் வழியாகத்தான் அழைத்து வந்தோம். அவள் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, தப்பு அந்தச் சாலை மேல்தான் என்று முடிவு செய்தார்கள். ஜூலை வெயிலில் அவள் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டோடு கிளம்பிப் போனதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜெவ்தெத் பெரியப்பாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். கொசோவோவுக்குள் நுழையவே கம்பெனிக்கு ஒரு தொகை, எல்லைக் கூண்டில் காப்பீடு என்று இன்னொரு தொகை, இப்போது இதுவும் அவன் தலையில்தான்.

"சுவிட்சர்லாந்துல கூரையிலேறிப் பனி தள்ளுறவன் இவ்வளவு பெரிய வெள்ளை வண்டி எடுப்பானேன்? என் ஓட்டை வண்டியை எந்த நாட்டுக்காரனும் ஏன்னு கேக்க மாட்டான்."

அப்போ பொண்ணை அதுலயே ஏத்திக்க வேண்டியதுதானே என்று ஜெவ்தெத் முனகினான். பெரியப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். பாதி வழியில் மணப்பெண் தரையில் கால் வைப்பதா?

"மாமா."

எல்லோரும் திரும்பினோம். சிவப்புத் திரை மூச்சில் லேசாக அசைந்தது.

"எதுக்கு வீண் செலவு? வந்த வழியாவே போயிடலாமே."

பெரியப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. பின்னால் நின்ற கார்கள்வரை நடந்து போய், வாசலை மிதிக்கும் முன்பே குடும்பக் காசை எண்ணிப் பார்க்கிற மருமகள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இப்படிப்பட்ட பெண்ணைப் பறிகொடுக்க முடியுமா, கட்டுடா என்று தூரத்திலிருந்தே ஜெவ்தெத்துக்குக் கை காட்டினார்.

ஜெவ்தெத் பர்ஸைப் பிரித்தான். கார் முகப்பில் சாய்ந்துகொண்டு, கார்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் போனில் படிக்க ஆரம்பித்தான்.

தட்டுக்கு அடியில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. மருதாணி இட்ட விரல்கள் சில்லென்றிருந்தன.

"மிரே இந்தக் கணவாய் வழியாத்தானே வீட்டுக்குப் போனா, அண்ணி?"

நயிமின் முதல் மனைவியின் பெயரை அவள் வீட்டில் நாங்கள் யாரும் சொன்னதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லியிருந்தோம்.

"போன வாரம் சந்தையில என்னைத் தேடி வந்தா. கழுத்துத் துண்டை விலக்கித் தழும்பைக் காட்டினா. அப்பாகிட்ட சொன்னேன். பந்தல் போட்டாச்சுன்னுட்டார்."

வெளியே பெரியப்பா தன் வண்டியிலிருந்த வாத்தியக்காரனை எழுப்பி மேளத்தை எடுக்கச் சொன்னார். ஜெவ்தெத் தப்பாகப் படித்துவிட்டு, மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தான்.

அவள் பிடி இறுகியது.

"அவர் இன்னும் காசு கட்டி முடிக்கல, அண்ணி. நீங்க சொன்னா கேப்பாங்க. வந்த வழியாவே போகச் சொல்லுங்க."