நீலக்கடல் இளவரசி

கிளாத்தி மீனை வாசல்படி ஏற்றமாட்டேன் என்று முப்பது வருடமாக வைராக்கியமாக இருந்தவள் பவுலினா. அதன் முரட்டுத் தோலைக் கண்டாலே முகம் சுளிப்பாள். இந்த வருடக் கல்யாண நாளன்று அவளைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போன அவள் புருஷன் சூசை, உணவுப் பட்டியல் அட்டையில் இருந்த ‘நீலக்கடல் இளவரசி’யை வரவழைத்தான். அது, காலையில் கடலிலிருந்து கரையேறியதும் அவனே அந்த ஓட்டலின் பின்வாசலில் இறக்கிய கிளாத்திதான். தலையில் ஒரு கொத்தமல்லி கிரீடம்.

பவுலினா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். “இப்படி ஒரு மீனை என்னைக்காவது பிடிச்சாந்திருக்கீயளா?”

உண்மையைச் சொன்னால் துப்பிவிடுவாள். சொல்லாவிட்டால் வீட்டில் ஜென்மத்துக்கும் கிளாத்திக் குழம்பு கிடையாது. “நாளைக்குக் கொண்டாறேன்” என்றான் சூசை. “தோலை உரிச்சுத்தான் கொண்டாருவேன்.”

அவள் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

“உரிச்ச தோலைக் கடற்கரையிலேயே புதைச்சிருங்க. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, இளவரசின்னுதான் சொல்லப்போறேன்.”