பதினெட்டு நிமிடம்

மதியம் இரண்டு மணிக்கு பஸ் தானாக நின்றது. டிரைவர் ஜெசிந்தா இருபது நிமிடம் தூங்கி எழுந்தால்தான் மறுபடி கிளம்பும். இந்த ஏற்பாடு வந்தபின் விபத்தே இல்லை.

"அக்கா, வலி தாங்கல, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கெஞ்சினாள் நிறைமாதக்காரி சுடர்விழி.

"நான் தூங்கினாத்தாம்மா வண்டி நகரும்."

ஜெசிந்தா கண்களை இறுக மூடினாள். தூக்கம் வரவில்லை. கண்டக்டர் ஜன்னல்களைச் சாத்தினார். பயணிகள் இருமலைக்கூட அடக்கினார்கள். சுடர்விழி கத்தாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஜெசிந்தா எப்படியோ கண்ணயர்ந்தாள்.

குழந்தையின் அழுகை அவளை எழுப்பியது. சுடர்விழிக்கு ரத்தம் நிற்கவில்லை. பஸ்ஸின் திரையில் எழுத்து ஒளிர்ந்தது: 'பதினெட்டு நிமிடம் போதாது. முதலிலிருந்து தூங்கவும்.'

கண்டக்டர் குழந்தையைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.