வாரண்டி இல்லை

"மெமரி முப்பத்திரண்டு ஜிபின்னு போட்டிருக்கீங்க. உள்ள இருக்கிறது பதினாறுதான்," என்று லேப்டாப்பின் திரையை வீபே பக்கம் திருப்பினார் டீடெரிக். "மெசேஜ்லயே சொன்னேன். இப்ப கண்ணால பாருங்க."

"பாத்தேன்," என்றார் வீபே.

"பாத்தா போதுமா சார்? நான் சொல்லி மூணு நாளாச்சு. விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கு."

நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது வீபேயின் வேலை. முப்பது வருடமாகப் படகுக்காரர்களின் வசவைக் கேட்டுப் பழகிய காது.

டீடெரிக் உட்ரெக்டிலிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார். அலுவலகத்தில் அவர் தரக்கட்டுப்பாட்டு ஆலோசகர். வெளியே வந்தால் ஊருக்கே ஆலோசகர். உணவகங்களில் மெனு அட்டையைப் பேனாவால் திருத்தக் கூடாது என்று மனைவி தடை போட்ட பிறகு, அவருக்கு மிஞ்சியிருந்தது பழைய சாமான் விளம்பரங்கள்தான். மகளுக்கு ஒரு கேமிங் லேப்டாப் தேடப் போனபோது இது கண்ணில் பட்டது. ஐந்து வரி, நான்கு பிழை. அன்று தூக்கம் போயிற்று. "உங்களுக்குக் கூச்சமே இல்லையா?" என்று முடியும் நீண்ட மெசேஜ் ஒன்றைத் தட்டி அனுப்பினார்.

"சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா" என்று ஒரே வரியில் பதில் வந்தது. முன்பின் தெரியாதவரை 'வா'வாம். மரியாதைக்கும் சேர்த்து விலையில் ஐந்து யூரோ கழிக்க வேண்டும் என்று டீடெரிக் முடிவு செய்துகொண்டார்.

இன்று மணியில் கை வைத்ததுமே கதவு திறந்தது. திறந்தவர் டீடெரிக்கின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் "உள்ள வாங்க" என்றார். மேஜையில் இரண்டு கிண்ணங்கள். அடுப்பில் பட்டாணி சூப். விருந்தாளி யாரோ வரப்போகிறார் போலிருக்கிறது என்று டீடெரிக் நினைத்தார். லேப்டாப் வாங்க வருகிறவனுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட், அதோடு பிஸ்கட் டப்பாவை மூடிவிடுவதுதானே டச்சு வழக்கம்.

"கிராஃபிக்ஸ் கார்டு பழைய மாடல்; புதுசுன்னு போட்டிருக்கீங்க. பேட்டரி அஞ்சு மணி நேரமாம். ரெண்டு தாங்கினா பெரிசு. கீபோர்டு புத்தம் புதுசாம். கேம்ல முன்னால ஓடறதுக்கு அழுத்துற பட்டன்ல எழுத்தே தேஞ்சு போச்சு சார். எத்தனை கிலோமீட்டர் ஓடினாரோ, பாவம்."

"நிறைய ஓடினான்," என்றார் வீபே. "என் பையனோடது. யெல்மர்."

"அவர் எங்க?"

"தெரியாது. போன அக்டோபர்ல போனவன். இந்தப் பெட்டி வேணுமா, இந்த வீடு வேணுமான்னு கேட்டேன். ரெண்டையும் விட்டுட்டுப் போயிட்டான். போன் எடுக்கிறதில்ல."

டீடெரிக் இருமினார். அவர் கொண்டு வந்த சோதனைப் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.

"அவனும் உங்க மாதிரிதான், தம்பி," என்றார் வீபே. "எவனோ ஒருத்தன் விளம்பரத்துல ஒரு நம்பர் தப்பா இருந்தாலும், எழுதித் திருத்திட்டுத்தான் சாப்பிட வருவான்."

"நல்ல பையன்," என்றார் டீடெரிக், மனதார. "சரி, விலைக்கு வருவோம். ஆயிரத்து நூறு யூரோ கேக்கறீங்க." இரண்டு பக்கக் கணக்கை விரித்தார். "மூணு வருஷத் தேய்மானம். கீபோர்டு. பேட்டரி. அப்புறம் 'வாரண்டி இல்லை'. உங்க விளம்பரத்துல இருக்கிற ஒரே உண்மை அதுதான். அதுக்குப் பத்து சதவீதம். ஆக, நானூத்தித் தொண்ணூறு."

"வேண்டாம்."

"ஐநூத்தம்பது. இதுக்கு மேல ஒருத்தனும் தரமாட்டான்."

"தெரியும்."

"அறுநூறு." சொல்லி முடித்ததும் டீடெரிக்குக்குத் தன் மீதே கோபம் வந்தது.

வீபே லேப்டாப்பை மூடினார். மூடியின் மேல் ஒட்டியிருந்த நாரைப் படம் ஓரத்தில் பிரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். "ஆயிரத்து நூறு குடுத்தாலும் தரமாட்டேன்."

டீடெரிக் எழுந்துவிட்டார். "அப்புறம் எதுக்கு சார் விளம்பரம்? தப்புன்னு தெரிஞ்சும் திருத்தமாட்டீங்க. விலையைக் குறைக்கமாட்டீங்க. விக்கவும் மாட்டீங்க. என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"அந்தத் தப்பெல்லாம் நான் உக்காந்து யோசிச்சுப் போட்டது," என்றார் வீபே. "படத்தைப் பாத்தா அவன் பெட்டின்னு அவனுக்குத் தெரியும். திருத்தாம அவனால இருக்க முடியாது. இதுவரைக்கும் நாப்பத்தோரு பேர் திருத்தி எழுதியிருக்காங்க. யாரையும் வரச் சொல்லல. நீங்க மட்டும் கடைசியில 'கூச்சமே இல்லையா'ன்னு எழுதியிருந்தீங்க. அது அவன் பேச்சு. வேற பேர்ல எழுதறான்னு நினைச்சுட்டேன்."

தன்னைப் போல நாட்டில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதே டீடெரிக்குக்குப் புதுச் செய்தி. அவர் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தார். கோட்டை மாட்டப் போன கை பாதியில் நின்றது. திரும்ப உட்கார்ந்து, விளம்பரத்தின் நகலை எடுத்து மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

"பேட்டரி அஞ்சு மணி நேரம் பத்தாது, எவனாவது நம்பித் தொலைப்பான், எட்டுன்னு போடுங்க," என்றவர், 'வாரண்டி இல்லை' என்ற ஒரே உண்மையையும் அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'மூன்று வருட வாரண்டி உண்டு' என்று எழுதினார். "இதைப் பாத்துட்டு அவனால சும்மா இருக்க முடியாது சார். எழுதின எனக்கே இப்பவே திருத்தணும் போல இருக்கு."