அன்பரசி அக்கா சேர்த்த கூட்டம்

"கலை, ஞாயித்துக்கெழம என் தம்பி மீட்டிங் போடறான். எங்க வூட்டு வாசல்லதான். நீயும் வந்து ஒக்காரு."

அன்பரசி அக்கா சொன்னதும் எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

அக்கா என் ஓரகத்தி. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. தம்பின்னா, அக்காவோட கூடப் பொறந்த பார்த்திபன். வேலூர்ல செல்போன் கடையில நல்லா இருந்த வேலைய வுட்டுட்டு, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியோட சத்துமாவு டப்பா விக்கறான். ரெண்டு வருசமா பொங்கலுக்குக்கூட எங்க மலையூருக்கு ஏறி வந்து எட்டிப் பாக்கல. இப்ப மட்டும் பாசம் பொத்துக்கினு வந்துடுச்சாம்.

"அக்கா, அது ஒருத்தர் கீழ ஒருத்தரா ஆள் சேக்கற கம்பெனி. சேர்றதுக்கே எட்டாயிரம் கேப்பாங்க. புளி வித்து வச்சிருக்கற காசு அவ்ளோவும் பூடும். உன் தம்பிக்காக ஊரையே குழியில தள்ளுவியா?"

"முப்பது பேர் கூட்டம் சேந்தா அவனுக்கு அடுத்த லெவலாம்டி."

அவ்ளோதான் பதிலு. அக்கா பாட்டுக்கு வூடு வூடா கூப்புடப் போய்ட்டா.

வுடுவனா? நானும் பின்னாலயே வூடு வூடாப் போனேன்.

"அன்பரசி அக்கா பேச்சக் கேட்டு காசு கீசு குடுத்துடாதீங்க. ஏமாந்து பூடுவீங்க."

எல்லாரும் தலையாட்டினாங்க. அப்புறம் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க. "நீ போயி வேலையப் பாரு கலை"ன்னாங்க. எக்கேடோ கெட்டுப் போங்கன்னு வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழம பாத்தா முப்பத்தாறு பேரு! வூட்டுக்கு ஒரு ஆளு. போட்ட பாயெல்லாம் பத்தல. நான் ஒக்காரல. வேலியோரமா நின்னுகினு மொறைச்சேன்.

பார்த்திபன் டை கட்டினு வந்தான். கூடவே கார்ல அவனோட சீனியர் தனசேகரன், கோட்டு சூட்டோட. கூட்டத்தப் பாத்ததும் பார்த்திபனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"சார், எங்க ஊர்ல நம்மள மதிப்பாங்கன்னு சொன்னன்ல சார்?"

சீனியர் போர்ட மாட்டினார்.

"ரெண்டே ரெண்டு பேர் ஒரு கார் ஷெட்ல ஆரம்பிச்ச கம்பெனிங்க. இன்னைக்கு தொண்ணூறு நாட்டுல இருக்குது!"

எல்லாரும் கை தட்டினாங்க.

"நீங்க மூணு பேரச் சேத்தா போதும். அந்த மூணு பேர் ஆளுக்கு மூணு பேரச் சேப்பாங்க. ஒம்போது! அவங்க சேத்தா இருவத்தேழு!"

போர்டு பூரா வட்டம் வட்டமாப் போட்டார். கூட்டத்துலேர்ந்து எங்க ஊர் கண்ணாயிரம் மாமா எழுந்தார்.

"மூணு, ஒம்போது, இருவத்தேழு. ஆக முப்பத்தொம்போது. அன்பரசியோட நாப்பது. எங்க ஊரே நாப்பது வூடுதாங்க. அடுத்த வட்டத்துக்குக் காட்டுப்பன்னியத்தான் கூப்புடணும்."

ஒரே சிரிப்பு. சீனியரும் சிரிச்சி மழுப்பினார்.

"சரி, யாருக்கெல்லாம் முன்னேறணும்? கை தூக்குங்க!"

முப்பத்தாறு கையும் மேல போச்சு. புளிக் காசு அவ்ளோவும் பூடுச்சுன்னு நெனச்சேன்.

ஆளுக்கொரு ஃபாரம் குடுத்தாங்க. யாரும் பேனாவத் தொடல. எழுந்து பாயச் சுருட்ட ஆரம்பிச்சாங்க.

"இன்னாங்க, சைன் பண்ணலயா?"ன்னார் சீனியர்.

"கையெழுத்தா? அது பேச்சுலயே இல்லீங்களே. அன்பரசி ஒக்காரச் சொன்னா, ஒக்காந்தோம். கை தட்டச் சொன்னா, தட்டினோம். வந்த வேலை முடிஞ்சிதுங்க"ன்னார் கண்ணாயிரம் மாமா.

சீனியர் ஃபாரத்தயெல்லாம் புடுங்காத கொறையா வாங்கினு, பார்த்திபன ஒரு மொறை மொறைச்சிட்டு, தனியா கார் ஏறிப் பூட்டார்.

"மானத்த வாங்கிட்டியேக்கா!" பார்த்திபன் டையக் கழட்டி வீசினான்.

கண்ணாயிரம் மாமா அவன் தோள்ல கையப் போட்டார்.

"நாளைக்கு எங்க வூட்டு சாமை அறுப்புப்பா. காலைல வந்துடு. நாளன்னிக்கு திரௌபதி வூடு."

"நான் எதுக்கு மாமா வரணும்?"

"இன்னாப்பா கேள்வி இது? ஒனக்காக முப்பத்தாறு பேர் ஒரு நாள் பொழப்ப வுட்டுட்டு வந்து ஒக்காந்தோமே. பதிலுக்கு ஆளுக்கு ஒரு நாள் நீ வர வாணாமா?"

எங்க மலையில அப்படித்தான். ஒருத்தர் கூப்ட்டு நாம ஒரு நாள் போனா, அவங்களும் நம்ம வேலைக்கு ஒரு நாள் வரணும். கூலி கெடையாது. வர மாட்டேன்னு சொன்ன வூட்டுக்கு அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட யாரும் போவ மாட்டாங்க. இங்க பொறந்தவனுக்கு இது தெரியாதா? பார்த்திபன் சுருட்டின பாய் மேலயே ஒக்காந்துட்டான்.

எனக்கே பாவமாப் பூடுச்சு. அடுப்பங்கரையில அக்காவப் புடிச்சேன்.

"கூடப் பொறந்தவன இப்டியாக்கா மாட்டி வுடுவ? முப்பத்தாறு நாளு ஓசி வேலை!"

அக்கா வாசப்பக்கம் எட்டிப் பாத்துட்டு கொரலத் தாழ்த்தினா.

"வேலூர் ரூம்ல இன்னா பண்றான் தெரியுமாடி? விக்காத டப்பாவக் கரைச்சி, மூணு வேளையும் அதையே குடிச்சிகினு கெடக்கறான். வூட்டுக்கு வாடான்னா, ஜெயிக்காம மலையேற மாட்டேன்றான். ரோஷக்காரன். இதத்தான் வூடு வூடாப் போயி சொன்னேன். அறுப்புக்கு வர்றவனுக்கு அந்தந்த வூட்டுலதான சோறு?"

"எங்கிட்ட மட்டும் ஏன்க்கா சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா பக்கத்தூரு காவலூர் வரைக்கும் தெரிஞ்சிடும். அவன் காதுக்குப் போனா இன்னைக்கு வந்திருப்பானா?"

வாசல்ல ஒக்காந்திருந்த பார்த்திபன எட்டிப் பாத்தேன்.

"அக்கா, நானும் வேலியோரமா மூணு மணி நேரம் நின்னேன்ல? எங்க வூட்டையும் சேத்துக்க. முப்பத்தேழு."