காகம் திருப்பி வாங்கிய நெல்

அந்தத் தோப்பில் ஒவ்வொரு பறவையும் பத்து நெல்லுக்கு ஒரு நெல்லைப் பொதுப் பொந்தில் போடவேண்டும். அடுத்தவர் குஞ்சை வளர்ப்பவருக்குத் தான் போட்டதில் பாதி திரும்பக் கிடைக்கும். ஆதரவில்லாத குஞ்சுகள் எதுவும் போடவேண்டாம். பொந்தைப் பார்த்துக்கொண்டது அணில்.

"ஒரு குயில்குஞ்சும் என் கூட்டுலதான் சாப்பிடுது," என்றது காகம். அது குயில் என்று குரலில் தெரிந்த அன்றே அதைக் கொத்தி விரட்டியதைச் சொல்லவில்லை. அணில் நம்பிப் பாதி நெல்லைத் திருப்பிக் கொடுத்தது. காகம் அதை வாயில் அள்ளிக்கொண்டு திரும்பியது.

வரிசையில் அடுத்து நின்றது அதே குயில்குஞ்சு. தலையில் கொத்துப்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

"உனக்குன்னு யாரும் இல்லைன்னா நீ போடவேண்டாம்ப்பா," என்றது அணில்.

குஞ்சு காகத்தைப் பார்த்தது. "அம்மா இருக்காங்களே," என்று சொல்லித் தன் நெல்லைப் பொந்தில் போட்டது.

"நீ சொன்ன பிள்ளை இதுதானா?" என்று அணில் காகத்தைக் கேட்டது.

"ஆமா" என்று சொல்லக் காகம் வாயைத் திறந்தது. நெல்லெல்லாம் கீழே கொட்டியது.

குஞ்சு ஒரு நெல்லைப் பொறுக்கி, முன்பு காகம் தனக்கு ஊட்டியதைப் போலவே, அதன் அலகருகே நீட்டியது. காகத்தால் வாயைத் திறக்க முடியவில்லை.