தினம் ஒரு வீடியோ

பதினாறு வயதில் இவ்வளவு இரத்த அழுத்தமா? டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்ணின் கையில் பட்டையைத் திரும்பக் கட்டிப் பார்த்தார். குறையவில்லை. சர்க்கரையும் எல்லையைத் தொட்டு நின்றது.

"எங்க பரம்பரையிலயே இந்த வியாதி யாருக்கும் கிடையாது," என்றாள் தாய், விறைப்பாக.

"ராத்திரி எப்பம்மா தூங்குவே?"

"ரெண்டு மணி ஆயிடும் டாக்டர். கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருப்பேன்," என்றாள் பெண்.

டாக்டரம்மா தன் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு பெரியவர் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்.

"தூக்கம் கெட்டா இதயமும் கெடும், பத்து மணிக்கு மேல திரையைத் தொடாதேன்னு எவ்வளவு அழகாச் சொல்றார் பாரு! தினம் ஒரு வீடியோ போடறார். நீயும் கேளு."

பெண் சிரித்தாள். "தினமும் கேக்கறேன் டாக்டர். ராத்திரி கண்முழிச்சு அதை வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டு ஏத்தறதே நான்தான். இவர் எங்கப்பா."

"வாயை மூடுடி! குடும்ப மானத்தை வாங்காதே," என்று சீறினாள் தாய். "வீட்டு வேலையை வெளியாள் கையிலயா கொடுக்க முடியும்?"

பெண் எழுந்து நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடும்மா. இன்னிக்கு அவர் பேச்சைக் கேக்கப் போறேன். பத்து மணிக்குப் படுத்துடுவேன். நாளைக்கு வீடியோ வராது."