இடப்பக்கச் சாய்வு

செல்லையா வாங்கிய பழைய எஸ்யூவி, ஆள் ஏறாமல் நிற்கும்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. "பின்னால இடது ஸ்பிரிங் உக்காந்துட்டு அண்ணாச்சி. மாத்திருவோம்," என்றார் மெக்கானிக். மறைத்து விற்றுவிட்டாரே என்ற கோபத்தோடு, விற்ற ஞானமணியின் வீட்டுக்குப் போனார் செல்லையா. வண்டியின் சாய்வைப் பற்றிச் சொன்னதும் ஞானமணி தயங்கி, உள்ளறையைக் காட்டினார். அங்கே கட்டிலை நிறைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் ஆசீர் உட்கார்ந்திருந்தார். "பதினோரு வருஷமா பின்னால இடது சீட்டுதான் எனக்கு," என்று சிரித்தார் ஆசீர். "ஆட்டோக்காரன் என்னைப் பாத்தாலே பெட்ரோல் இல்லம்பான்." வண்டி போனதிலிருந்து அவர் ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. கேட்க வந்ததைச் செல்லையா கேட்கவில்லை. ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு காலையில் அதே வண்டி ஞானமணியின் வாசலில் வந்து நின்றது. ஆசீர் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து, பழக்கத்தில் பின்பக்க இடது கதவில் கை வைத்தார். "இன்னைக்கு வலது பக்கமா ஏறுங்க அண்ணாச்சி," என்று அந்தக் கதவைத் திறந்து பிடித்தார் செல்லையா. ஆசீர் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். வண்டி மெல்ல அசைந்து, நேராக நின்றது.